சி.ஓ. இறங்கினால் எச்.சி. ஏறுகிறது: மோரிஸ் மைனர் புகைப் பரிசோதனையில் இரண்டு முறை ஃபெயில்

பச்சைமைனர்:

வணக்கம். என்னிடம் 1966 மாடல் மோரிஸ் மைனர் 1000 இருக்கிறது. 1098 சி.சி. எஞ்சின், ஒரே ஒரு எஸ்.யு. எச்.எஸ்.2 கார்புரேட்டர். அப்பா ஓட்டிய வண்டி, நான்கு வருடமாக நான் ஓட்டுகிறேன், விற்கிற எண்ணம் துளியும் இல்லை. புகைப் பரிசோதனையில் இரண்டு முறை ஃபெயில் ஆகிவிட்டது. இரண்டு முறையும் வேறு வேறு காரணத்துக்கு, அதுதான் குழப்பமே.

என் வண்டிக்கு ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) புகையில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 3 சதவீதத்துக்குள்ளும் எச்.சி. (ஹைட்ரோகார்பன்) 1500 பி.பி.எம்.முக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் முறை சி.ஓ. 6.8, எச்.சி. 1100. ரிச்சாக, அதாவது காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலோடு, ஓடுகிறது என்றார்கள். சரி என்று வீட்டுக்கு வந்து, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஜெட் நட்டை (பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஏற்றி இறக்குவது) நான்கு பட்டை, அதாவது அந்த அறுமுக நட்டின் நான்கு முகம் அளவு, திருகி மேலே ஏற்றினேன். மறுநாள் போனால் சி.ஓ. 1.2க்கு வந்துவிட்டது, ஆனால் எச்.சி. 2150! அந்தச் சீட்டில் கார்பன் டை ஆக்சைடு 10.4, ஆக்சிஜன் 6.1 என்றும் போட்டிருக்கிறது. அந்த இரண்டுக்கும் வரம்பு எதுவும் இல்லை என்பதால் அப்போது கண்டுகொள்ளவில்லை.

வேறு சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், உதவுமா தெரியாது. ஐடிலில் எஞ்சின் சீராக இல்லை, சிக்னலில் நின்றால் கண்ணாடி நடுங்குகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் சில சமயம் 700 ஆர்.பி.எம்.மில் நிற்கிறது, சில சமயம் 1100லேயே தொங்குகிறது, ஒரு தட்டு தட்டினால் இறங்குகிறது. இறக்கத்தில் காலை எடுத்தால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. நான்கு பட்டை ஏற்றிய பிறகு மேட்டில் இழுவையும் குறைந்துவிட்டது. ஸ்பார்க் பிளக் நான்கும் புதுசு. ஏர் ஃபில்டர் சுத்தம். கார்புரேட்டரைக் கழற்றியது கிடையாது, வெளியே மட்டும் துடைத்திருக்கிறேன்.

புது கார்புரேட்டர் வாங்கிப் போட்டுவிடு என்கிறார் ஒரு நண்பர். அது ஒன்றுதான் வழியா? அடுத்த பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கிறது.


நாலாவதுகியர்:

கார்புரேட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள், புதுசும் வாங்காதீர்கள். எச்.சி. இப்படி ஏறுவது பெரும்பாலும் மிஸ்ஸிங்கால்தான், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சில அடிகளில் தீப்பிடிக்காமல் விடுவதால். பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனை) இடைவெளி, டைமிங் (ஸ்பார்க் அடிக்கிற நேரம்), டேப்பட் (வால்வ் இடைவெளி) இந்த மூன்றையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அதை எழுதவே இல்லையே. பிளக் புதுசு என்றீர்கள், ஒயர்களும் ரோட்டரும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் எத்தனை வருடப் பழசு? இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள், ஒயரில் நீலமாகப் பொறி ஓடினால் அங்கேயே பாதி வேலை முடிந்தது.


கிரீஸ்கை:

தம்பி, நாலாவதுகியர் சொன்னது சரி. எஸ்.யு. கார்புரேட்டரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அந்தச் சீட்டை ஒழுங்காகப் படிப்போம். சி.ஓ. என்பது காற்று பத்தாமல் அரைகுறையாக எரிந்த பெட்ரோல். எச்.சி. என்பது எரியாமல் அப்படியே வெளியே போன பெட்ரோல். இரண்டும் வேறு வேறு. கலவை ரிச்சாக ஆக சி.ஓ. ஏறிக்கொண்டே போகும், அதில் குழப்பம் இல்லை. எச்.சி. அப்படிக் கிடையாது, ரிச் பக்கம் போனாலும் ஏறும், லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறைந்த பக்கம், ரொம்பப் போனாலும் ஏறும், ஏனென்றால் லீன் கலவை சில அடிகளில் தீப்பிடிக்காமலே போய்விடும், அந்த அடிக்கான பெட்ரோல் முழுசாக சைலன்சருக்குள் போய்ச் சேரும். உங்களுக்கு இறக்கத்தில் பட் பட் என்று கேட்பது அந்தப் பெட்ரோல் சூடான குழாயில் வெடிக்கிற சத்தம்தான். நாலு சிலிண்டரில் ஒன்று சரியாக அடிக்காவிட்டாலே எச்.சி. ஆயிரக்கணக்கில் எகிறிவிடும்.

இப்போது நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட இரண்டு எண்கள். ஆக்சிஜன் 6.1 என்பது மிக அதிகம், நன்றாக எரிகிற எஞ்சினில் 1, 2க்குள் நிற்கும். கார்பன் டை ஆக்சைடு நல்ல எஞ்சினில் 13, 14 வரும், உங்களுக்கு 10.4. பெட்ரோல் எவ்வளவு முழுசாக எரிகிறது என்பதை அந்த எண்தான் சொல்லும், நான் ட்யூன் பண்ணும்போது கண் வைப்பது அதில்தான். ஆக, எரிய வேண்டிய பெட்ரோலும் மிச்சம் இருக்கிறது, எரிக்க வேண்டிய ஆக்சிஜனும் மிச்சம் இருக்கிறது, ஆனாலும் எரியவில்லை. கார்புரேட்டரைத் தாண்டி எங்கேயோ காற்று நுழைகிறது, அல்லது ஸ்பார்க் சரியில்லை, அல்லது இரண்டும். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் ஆக்சிஜன் ஏறும்தான், ஆனால் அப்போது வெளிக்காற்று கலந்து மற்ற மூன்றும் சேர்ந்து இறங்கும், உங்களுக்கு எச்.சி. இரண்டு மடங்காகி இருக்கிறது.

ஐடில் ஒரு சமயம் 700, இன்னொரு சமயம் 1100 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததுமே எனக்கு த்ராட்டில் ஸ்பிண்டில்தான் ஞாபகம் வந்தது. பட்டாம்பூச்சித் தகட்டைத் தாங்கும் அந்தக் கம்பி அலுமினிய பாடியில் நேரடியாக உட்கார்ந்து சுற்றுகிறது, ஐம்பது அறுபது வருடம் சுற்றினால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும். பிறகு தகடு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி மூடும், அந்த இடைவெளி வழியாகக் காற்றும் உள்ளே போகும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்பிண்டிலின் முனையை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுற்ற மட்டும்தான் வேண்டும், ஆடக் கூடாது. கையில் கடகடவென்று தெரிந்தால் அதுதான்.

உறுதிப்படுத்த, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஸ்பிண்டிலின் இரண்டு முனையிலும், மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய்) கேஸ்கெட் ஓரத்திலும் ஸ்ப்ரே பாட்டிலால் சாதாரணத் தண்ணீரைப் பொசுபொசுவென்று அடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் அந்த ஓட்டையை ஒரு நொடி அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும். சிலர் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பார்கள், அதுவும் காட்டிக்கொடுக்கும், ஆனால் இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கார்புரேட்டருக்குப் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கிறது, தீப்பிடித்த வண்டியைப் பார்த்தவன் சொல்கிறேன், வேண்டாம். இன்னொன்று, இந்த வேலை எல்லாம் திறந்த வெளியில்தான். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விட்டு ட்யூன் பண்ணவே கூடாது, சி.ஓ.வுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, மயக்கம் வரும்போதுதான் தெரியும், அப்போது எழுந்து வெளியே போகத் தெம்பு இருக்காது.

மேனிஃபோல்டு கேஸ்கெட்டை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த எஞ்சினில் இன்லெட் வழி இரண்டுதான். 1ம் 2ம் ஒரு வழியைப் பகிர்ந்துகொள்கின்றன, 3ம் 4ம் இன்னொரு வழியை. ஒரு பக்கம் கேஸ்கெட் கசிந்தால் அந்த ஜோடி மட்டும் லீன் ஆகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு வெளுத்தும் இரண்டு கறுத்தும் இருக்கும். அப்படி இருந்தால் ஜெட்டை எந்தப் பக்கம் திருகினாலும் ஒரு ஜோடிதான் சந்தோஷப்படும்.

இதை வைத்துப் பார்த்தால் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஸ்பிண்டில் தேய்ந்து காற்று புகுந்து ஐடில் துடித்திருக்கிறது, யாரோ அதை அடக்க ஜெட்டைக் கீழே இறக்கி ரிச் ஆக்கியிருக்கிறார்கள். துடிப்பு கொஞ்சம் அடங்கியது, சி.ஓ. 6.8க்குப் போனது. நீங்கள் பழையபடி ஏற்றினீர்கள், பழைய நோய் வெளியே வந்துவிட்டது.

அந்த நான்கு பட்டையை இன்றைக்கே இரண்டு பட்டையாவது திரும்ப இறக்கிவிடுங்கள். சோலெக்ஸ், ஜெனித், வெபர் மாதிரி கார்புரேட்டரில் ஐடிலுக்குத் தனி ஜெட்டும் தனி ஸ்க்ரூவும் இருக்கும், அதைத் திருகினால் ரோட்டில் ஓடுகிற கலவை பெரிதாக மாறாது. எஸ்.யு.வில் அப்படி இல்லை. ஒரே ஜெட், அதற்குள் இறங்குகிற ஒரே கூம்பு ஊசி, ஜெட்டை ஏற்றினால் ஐடிலிலிருந்து முழு வேகம் வரை எல்லாமே லீன். மேட்டில் இழுவை போனது அதனால்தான். அப்படியே நீண்ட தூரம் மிதித்தால் எக்ஸாஸ்ட் வால்வ் கருகிவிடும்.

வேலையின் வரிசை என்னைக் கேட்டால்: எஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பட் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. எந்த வால்வ் முழுசாக அமுங்கி இருக்கிறதோ அந்த எண்ணை 9லிருந்து கழித்தால் எந்த வால்வை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும் என்று வரும், 1 அமுங்கினால் 8, 3 அமுங்கினால் 6, இப்படி. பாயின்ட் 0.015 அங்குலம், பிளக் 0.025. அப்புறம் டைமிங் லைட். இது எல்லாம் முடிந்து காற்றுக் கசிவும் நின்ற பிறகுதான் ஜெட் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். முதலில் ஸ்பிண்டிலைப் பார்த்துச் சொல்லுங்கள், ஜெட்டை எப்படி வைப்பது என்று பிறகு எழுதுகிறேன்.


வேகமானி:

இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. நான் செய்வது: டைமிங்கை மூன்று நான்கு டிகிரி பின்னால் தள்ளுவேன், ஐடிலை 1000க்கு ஏற்றுவேன், ஜெட்டை இரண்டு பட்டை லீன் பண்ணுவேன், எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கும்போதே போய் டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்து எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவேன். டைமிங்கைப் பின் தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும், எச்.சி. குழாயிலேயே கொஞ்சம் எரிந்துவிடும். இரண்டு வண்டிகளில் பாஸ் ஆகியிருக்கிறது.


கிரீஸ்கை:

வேகமானி, நீங்கள் சொல்வது வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. ஐடிலை 900, 950க்கு ஏற்றுவதும், நல்ல சூட்டில் போவதும் நானே சொல்கிற விஷயங்கள். ஆனால் தம்பிக்கு எச்.சி. 2150ல் இருக்கிறது, காற்றுக் கசிவும் இருக்கும் போலத் தெரிகிறது. அதன் மேல் டைமிங்கையும் பின் தள்ளி இன்னும் லீன் பண்ணினால் வண்டி பரிசோதனை இடம் வரை ஒழுங்காகப் போய்ச் சேருவதே சந்தேகம். நன்றாக இருக்கிற எஞ்சினுக்கு அந்த வழி ஓரளவு சரி. இதற்கு இல்லை. அதுவும் போக, இந்தப் பையன் அப்பாவின் வண்டியைப் பல வருடம் ஓட்டப் போகிறவர். டெஸ்ட் அன்றைக்கு மட்டும் நன்றாக இருந்து மற்ற நாளெல்லாம் நஞ்சைக் கக்குகிற வண்டியை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.


பச்சைமைனர்:

அண்ணா, மனமார்ந்த நன்றி. வேகமானி, உங்களுக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். என்ன கிடைத்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இரவு விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து பார்த்தேன். 3ஆம் சிலிண்டருக்குப் போகும் ஒயர், ராக்கர் கவரைத் தொட்டுக்கொண்டு போகிற இடத்தில், நூல் மாதிரி நீலப் பொறி விட்டு விட்டு ஓடியது. பகலில் இதே இடத்தை எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன், ஒயரில் விரிசல் என்று சொல்லவே முடியாது, மயிரிழை அளவுதான். நான்கு ஒயரையும் மாற்றினேன், கேப், ரோட்டரையும் சேர்த்து. பாயின்ட் இடைவெளி 0.015க்கு பதில் 0.009தான் இருந்தது, நைலான் குதிகால் நன்றாகத் தேய்ந்திருந்தது. பாயின்டும் கண்டன்சரும் புதுசு போட்டு டைமிங் வைத்தேன்.

டேப்பட்டில் உங்கள் ஒன்பது கணக்கு அருமை. இத்தனை நாளும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தடுமாறுவேன், இந்த முறை இருபத்தைந்து நிமிடம்தான். இரண்டு எக்ஸாஸ்ட் வால்வ் டைட்டாக இருந்தன, ஒன்றில் 0.006 கேஜ்கூட நுழையவில்லை.

ஸ்பிண்டில்: நீங்கள் சொன்னபடியே இருந்தது. விரலால் ஆட்டினால் டொக் டொக் என்று சத்தமே வருகிறது. தண்ணீர் அடித்ததும் எஞ்சின் ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி சத்தம் மாறி, பிறகு பழையபடி துடித்தது. மூன்று தடவை அடித்துப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே. மேனிஃபோல்டு ஓரத்தில் அடித்தபோது எந்த மாற்றமும் இல்லை. கழற்றிய பிளக்குகளில் மூன்று ஓரளவு வெளுப்பு, 3ஆவது மட்டும் பெட்ரோல் ஈரத்தோடு கறுப்பாக.

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டேன். லேத் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் துளையைப் பெரிதாக்கி புஷ் (ஸ்பிண்டில் சுற்றுவதற்கு உள்ளே இறுக்கும் சின்னக் குழல்) போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன? ஜெட்டையும் இப்போதே மாற்றிவிடட்டுமா?


கிரீஸ்கை:

கொடுங்கள். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையைத் துல்லியமாக்கும் கருவி) போட வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், ஒரு பக்கம் போட்டுவிட்டுத் திருப்பி மறுபக்கம் போட்டால் ஸ்பிண்டில் இறுகிவிடும். புஷ்ஷோடு ஸ்பிண்டிலும் புதுசு போடுங்கள், பழையதும் தேய்ந்துதான் இருக்கும். தகட்டின் இரண்டு ஸ்க்ரூவும் புதுசு வேண்டும். தகட்டை உள்ளே நுழைத்து, ஸ்க்ரூவை லூசாக வைத்து, த்ராட்டிலை இரண்டு மூன்று தடவை படக்கென்று மூட விடுங்கள், தகடு தானே நடுவில் போய் உட்காரும், அப்புறம் இறுக்குங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஓரத்தில் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய கோடு தெரிய வேண்டும், பிறை மாதிரித் தெரிந்தால் மறுபடி செய்யுங்கள். கடைசியில் ஸ்க்ரூவின் பிளந்த முனையைக் கொஞ்சம் விரித்துவிட வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள், கழன்றால் நேராக எஞ்சினுக்குள் போகும்.

ஜெட்டையும் ஊசியையும் கண்டிப்பாக மாற்றுங்கள், கழற்றியபோது செய்வதுதான் லாபம். ஜெட் துளை வட்டமாக இல்லாமல் ஊசி உரசி முட்டை வடிவமாகியிருந்தால் எப்படி வைத்தாலும் ரிச்தான். உங்கள் எஞ்சினுக்கு ஏ.என். ஊசி, எழுத்து ஊசியின் அடிக்கழுத்தில் பொறித்திருக்கும். ஊசியின் தோள் (எஞ்சின் பிஸ்டன் அல்ல) கார்புரேட்டர் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக இருக்க வேண்டும். உங்கள் காலத்து எச்.எஸ்.2வில் ஊசி அசையாமல் நிற்கும், அதனால் ஜெட்டை நடுவில் வைப்பது முக்கியம். ஜெட் பேரிங் நட்டை லூசாக்கி, ஜெட்டை முழுசாக மேலே தள்ளி, பிஸ்டனை அமுக்கிப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். பிறகு பிஸ்டனைத் தூக்கி விட்டால் சுத்தமாக "டக்" என்று விழ வேண்டும். ஜெட்டை மேலே வைத்தும் விட்டுப் பாருங்கள், கீழே இறக்கியும் விட்டுப் பாருங்கள், இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தால் நடுவில் இருக்கிறது. மேலே இருக்கும்போது மந்தமாக விழுந்தால் ஊசி உரசுகிறது, திரும்பச் செய்யுங்கள், நல்ல கை பழகியவர்களுக்கே மூன்று நான்கு தடவை ஆகும்.

ஃப்ளோட் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவை) மட்டத்தையும் பாருங்கள். மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் நெம்புகோலுக்கும் மூடி விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். மட்டம் உயர்ந்தால் ஜெட்டில் பெட்ரோல் உயர்ந்து ரிச் ஆகும். டேஷ்பாட்டில் (கார்புரேட்டரின் உச்சியில், பிஸ்டன் அசைவை மட்டுப்படுத்தும் ஆயில் குழி) எஸ்.ஏ.இ. 20 ஆயில். சோக் கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி விடுங்கள், எஸ்.யு.வில் சோக் என்பது ஜெட்டையே கீழே இழுப்பது, கேபிள் டைட்டாக இருந்தால் ஜெட் முழுசாக மேலே திரும்பாது, நீங்கள் சி.ஓ.வைத் தேடி எங்கெங்கோ அலைவீர்கள்.

மாட்டிய பிறகு ஜெட் நட்டை முழுசாக மேலே ஏற்றி, அங்கிருந்து 12 பட்டை கீழே இறக்குங்கள். அதாவது இரண்டு சுற்று. அதில் ஸ்டார்ட் ஆகிவிடும். நல்ல சூடு வரும் வரை ஓட்டிவிட்டு வந்து, ஒரு நேரத்தில் ஒரு பட்டை மட்டும் திருகுங்கள். கார்புரேட்டரின் பக்கவாட்டில் சின்ன ஊசிப் பின் இருக்கிறதல்லவா, அதைக் கீழிருந்து தள்ளினால் முதலில் கொஞ்சம் சும்மா போகும், பிறகு பிஸ்டனைத் தொடும். தொட்ட பிறகு 0.8 மி.மீ., அவ்வளவுதான் தூக்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச். உடனே இறங்கி அணையப் பார்த்தால் லீன். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. நிறையத் தூக்கினால் எந்த எஞ்சினும் அணையும், அதை லீன் என்று நினைத்து ரிச் பண்ணிவிடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஐடிலில் ஓடினால் 2500க்கு அரை நிமிடம் ஏற்றி இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள், இல்லையென்றால் மேனிஃபோல்டில் தேங்கும் பெட்ரோல் உங்களை ஏமாற்றும்.


நாலாவதுகியர்:

ஒன்று விட்டுப்போனது. எஞ்சின் ஆயிலின் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பல மாதமாக ரிச்சாக ஓடிய, ஒரு சிலிண்டர் மிஸ் ஆன எஞ்சின். அந்தப் பெட்ரோலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கியிருக்கும். சூடானதும் அது ஆவியாகி ராக்கர் கவர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கு வந்து மறுபடி எஞ்சினுக்குள் போகும். கார்புரேட்டரை எவ்வளவு அழகாக வைத்தாலும் சி.ஓ. ஒன்று ஒன்றரை கூடுதலாகக் காட்டும், காரணமே புரியாது. இதில் நான் ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன். ஆயிலையும் ஃபில்டரையும் டெஸ்டுக்கு முன்னால் மாற்றுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் யோசியுங்கள். சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், 10 சதவீதம் எத்தனால் கலந்தால் 14.1 போதும். அதே ஜெட் அமைப்பில் கலவை கொஞ்சம் லீன் ஆகிறது. அதனால் எந்தப் பெட்ரோலில் ட்யூன் பண்ணுகிறீர்களோ அதே பெட்ரோலில் டெஸ்டுக்குப் போங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் தின்றுவிடும், விரலால் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.


பச்சைமைனர்:

பாஸ்!

சி.ஓ. 2.1, எச்.சி. 380, கார்பன் டை ஆக்சைடு 13.2, ஆக்சிஜன் 1.1. சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது கடைசி இரண்டு எண்ணைத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது, ஆயில் மட்டமும் மேல் கோட்டைத் தாண்டி இருந்தது. நான் அதை நல்ல அறிகுறி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆயிலே குடிக்காத எஞ்சின் என்று. மாற்றிவிட்டேன். பழைய ஜெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தால் துளை ஒரு பக்கம் நீண்டிருந்தது. ஊசியில் வேறு ஏதோ எழுத்து, ஏ.என். இல்லை.

புஷ் போட்டு வந்த பாடியில் ஸ்பிண்டில் எண்ணெய் போட்ட மாதிரி சுற்றுகிறது, ஆட்டம் துளியும் இல்லை. தகடு மூன்றாவது முயற்சியில் சரியாக உட்கார்ந்தது. ஜெட்டை நடுவில் வைக்க ஆறு தடவை ஆனது அண்ணா, ஆறாவது தடவை அந்த "டக்" கேட்டபோது அது எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியது உடனே புரிந்துவிட்டது, அதற்கு முன் விழுந்ததெல்லாம் வேறு சத்தம். 12 பட்டையில் ஸ்டார்ட் பண்ணினேன், அந்தச் சின்னப் பின்னைத் தள்ளிப் பார்த்த சோதனையில் ரிச் காட்டியது, ஒரு பட்டை ஏற்றினேன், இன்னும் ரிச், இன்னொரு பட்டை. இப்போது வேகம் லேசாக எழுந்து உட்கார்ந்தது. அங்கேயே விட்டுவிட்டேன். ஐடில் 900.

பரிசோதனைக்கு முன் இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டினேன். எனக்கு முன்னால் மூன்று வண்டி நின்றன, அணைத்துவிட்டுக் காத்திருந்தேன், என் முறை வந்ததும் ஸ்டார்ட் பண்ணி 2500ல் அரை நிமிடம் பிடித்தேன். சோக் நாப் முழுசாக உள்ளே இருக்கிறதா என்று இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன்.

சிக்னலில் கண்ணாடி நடுங்கவில்லை. அதில் பின்னால் நிற்கும் வண்டியின் எண்ணைப் படிக்க முடிகிறது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று போய் வந்தேன், மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறியது, அவர் எதுவும் பேசாமல் டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஒரு சந்தேகம் மட்டும். 2.1ஐ இன்னும் குறைக்க ஒரு பட்டை ஏற்றட்டுமா?


கிரீஸ்கை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த ஒரு பட்டை வேண்டாம், கையை எடுத்துவிடுங்கள். இந்த மாதிரி எஞ்சின் ஐடிலில் 2, 2.5 சி.ஓ.வில்தான் சீராக நிற்கும். முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், ஐடிலில் நிற்க விடாமல், வேகத்தில் வந்து அப்படியே அணைத்துவிட்டு. நான்கும் வெளிர் பழுப்பாக, ஒரே நிறமாக இருந்தால் ரோட்டிலும் கலவை சரி என்று அர்த்தம். புது டேப்பட் அமைப்பையும் அப்போதே ஒரு தடவை சரிபாருங்கள், அந்த டைட்டாக இருந்த எக்ஸாஸ்ட் வால்வ் மறுபடி இறுகியிருந்தால் வால்வ் சீட்டில் தேய்ந்து உள்ளே போகிறது, அதைத் தனியாகப் பேச வேண்டும். டேஷ்பாட் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள். கழற்றிய பழைய ஸ்பிண்டிலைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.


பச்சைமைனர்:

தொடவில்லை அண்ணா. முந்நூறு கிலோமீட்டர் ஆனதும் நான்கு பிளக்கையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.